ஒற்றைச் சாட்டைக்குப் பிறகு ஒரு மூச்சு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒஸ்லோவில் மனிதர்கள் செய்வதற்கு எத்தனையோ நல்ல வேலைகள் இருக்கின்றன. போர்த்திக்கொண்டு படுக்கலாம். பனிச்சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகலாம். நான் ஸ்டோவ்னரில் ரயிலேறி, அம்மருட்டில் இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்துக்குப் போய், என்னைவிடப் பத்து வயது குறைந்த நோர்வேக்காரி ஒருத்தியின் முன்னால் முழங்காலை மடித்து நின்று, இல்லாத பந்தொன்றைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி இதற்கு வைத்த பெயர் ‘காத்துப் பிடிக்கிறது’. “இஞ்சருங்கோ, காத்துப் பிடிச்சு முடிஞ்சு வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ” என்பாள்.

எல்லாம் கழுத்து வலியால் வந்தது. நான் பஸ் ஓட்டுகிறவன். வலப்பக்கக் கழுத்து கயிறு முறுக்கியதுபோல் இறுகிப்போய், கடைசியில் வைத்தியர் என்னை உடற்பயிற்சி சிகிச்சைக்காரி ஒருத்தியிடம் அனுப்பினார். அவள் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வலத் தோளுக்கு மேலால் அடிக்கடி திரும்பிப் பார்ப்பீர்களா என்று கேட்டாள். பஸ் ஓட்டுகிறேன் என்றேன். பஸ்ஸில் கண்ணாடி இருக்கிறதே என்றாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனாலும் தாய்ச்சி பழகிப் பாருங்கள் என்று அவள் சொன்னதைக் கேட்டேன்.

தாய்ச்சி என்றால் பூங்காவில் வயதானவர்கள் மெதுவாகக் கையை ஆட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். அது சண்டை வித்தை என்று முதல் நாளே ஆசிரியை சொன்னாள். தசையின் பலத்தை நம்பாத சண்டை. எதிராளியின் மணிக்கட்டில் மணிக்கட்டை வைத்து, அவன் தள்ள நினைப்பதை அவன் தள்ளுவதற்கு முன்பே தோலால் கேட்க வேண்டும். அவளுடைய மணிக்கட்டைத் தொட்டால் எதையும் தொட்ட மாதிரி இருக்காது. அடுத்த நிமிடம் நான் சுவரோடு சாய்ந்திருப்பேன். சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கி விடுவாள்.

இந்த வித்தையில் நீ எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைவிட, யாரிடம் படித்தாய், அவர் யாரிடம் படித்தார் என்பதுதான் முதல் கேள்வி. கலியாணம் பேசப் போனால் ஏழு தலைமுறை விசாரிக்கும் சாதி சனத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆசிரியை ஒரு சீனரிடம் பல வருடம் இருந்து படித்தவள். அவர் தன் ஊரில் ஒரு பெரியவரிடம் படித்தவர். இருவரும் இப்போது இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெரியவரின் படத்தை, பிள்ளைகள் பாய்ந்து விளையாடும் மரப்பெட்டியின் மேல் வைத்து, தோடம்பழம் படைத்து, வரிசையாக நின்று வணங்குவோம். ஊதுபத்தி கொளுத்தினால் பள்ளிக்கூடத்து நெருப்பு மணி அடித்துவிடும். அதனால் பற்றரியில் எரியும் மெழுகுதிரி. நோர்வேக்காரர்கள் கூச்சத்தோடு குனிவார்கள். நான் பழக்கமானவன்போல் குனிவேன். முன்பின் தெரியாத ஒரு சீனரின் படத்துக்குத் தலை வணங்குகிறவன் வீட்டில், தொங்க வேண்டிய ஒரு படம் தொங்கவில்லை என்பது அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு அண்ணன். யாழ்ப்பாணத்தில் ரியூசன் முடிந்து இரண்டு பேரும் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கி, ஒவ்வொருவராக நடந்து போகச் சொன்னார்கள். என்னை விட்டார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். வலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். போ என்று நாடியை உயர்த்திக் காட்டினான். இன்னும் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மண்மூட்டையில் அவனுடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. அவன் இல்லை. அன்றிலிருந்து இன்று வரை ஒரு தகவலும் இல்லை.

உடல் கிடைத்தால் செத்தவீடு செய்யலாம், எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்யலாம், படத்துக்கு மாலை போடலாம். காணாமல் போனவனுக்கு மாலை போட்டால் அவனை நாங்களே கொன்றதாகிவிடும் என்று அம்மா படத்தைத் தொடவே விடவில்லை. மாலை போடாமல் தொங்கவிட்டாலும் வருகிறவர்கள் கேட்பார்கள். அந்தப் படம் இப்போது எங்கள் அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. மனைவிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, அவளாவது பயமில்லாமல் வளரட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்தே மூடிவிட்டோம். அப்பாவுக்குத் தங்கச்சிமார் மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தாய்ச்சியில் ஒற்றைச் சாட்டை என்று ஒரு நிலை இருக்கிறது. வலக்கையைப் பின்னால் கொக்கிபோல் வளைத்து, இடக்கையை முன்னால் தள்ள வேண்டும். உலகத்தில் எல்லோரும் அப்போது முன்கையைத்தான் பார்ப்பார்களாம். எங்கள் வழியில் மட்டும் தள்ளி முடித்தவுடன் வலத் தோளுக்கு மேலால் தலையைத் திருப்பி, ஒரு மூச்சு நேரம் பின்னால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அசைவு. பின்கையையும் மனம் மறக்கக் கூடாது, அதற்காகத்தான் என்று ஆசிரியை சொல்லித் தந்தாள். மற்றவர்களுக்கு அது கைவர ஒரு வருடம் எடுத்தது. எனக்கு முதல் நாளே வந்தது. ‘இவருடைய கண்களைப் பாருங்கள், இவர் மெய்யாகவே பார்க்கிறார்’ என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பெருமையோடு வீட்டுக்கு வந்தேன், பால் வாங்க மறந்து பேச்சும் வாங்கினேன்.

ஆனால் ஒன்று. மண்டபத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலை திருப்பும்போது எனக்கு முதுகு சில்லிடும். பின்சுவரில் ஏறி விளையாடும் மரச்சட்டங்கள்தான் இருக்கும். என்றாலும் யாரோ அங்கே நிற்பதுபோலவும், நாங்கள் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பதுபோலவும், தலை முன்னால் திரும்பியதும் அவர் போய்விடுவதுபோலவும் இருக்கும். ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் சப்பாத்து மாற்றிக்கொண்டிருக்கையில், நான் அந்தச் சட்டங்களுக்குக் கிட்டப் போய்க் கையால் தடவிப் பார்த்தேன். இந்த வயதில் இதென்ன விசர் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

போன இலையுதிர் காலத்தில், படத்தில் இருக்கும் அந்தப் பெரியவரின் பேத்தி எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தர வந்தாள். என் வயதுதான் இருக்கும். கலகலப்பானவள். எங்கள் ஒற்றைச் சாட்டையைப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மத்தியானம் பாணும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், ஏன் எல்லோரும் பின்னால் பார்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆசிரியை விளக்கினாள். அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இந்த வித்தை பழகுவதே குற்றம் என்று ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. தாத்தா கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றத்தில் ஒளித்துப் பழகினார். அந்த இடத்துக்கு வரும்போது முற்றத்துக் கதவு அவருடைய வலத் தோளுக்குப் பின்னால் இருக்கும். யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்ப்பார். அந்த நாட்களில் அவரிடம் படித்த உங்கள் குரு அதையும் சேர்த்தே படித்துவிட்டார். “அது வித்தை இல்லை, கதவு” என்றாள்.

எங்களில் சிலருக்கு அது நல்ல கதையாக இருந்தது. ஆசிரியையின் முகம் மட்டும் வெளிறிப்போயிற்று. நான் பாணைக் கீழே வைத்துவிட்டேன். குருவின் உடம்பை அப்படியே எடுத்துக்கொள், கேள்வி கேளாதே என்பதுதான் இந்த வித்தையில் படிக்கிற முறை. அந்த முறையால், எதற்கும் பயப்படத் தேவையில்லாத இந்த நாட்டில், ஆசிரியர்களும் கணக்காளர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி ஒரு மனிதருடைய பயத்தை அழகாகப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அது முதல் நாளே ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் மோர்டென்ஸ்ருட்டில் தன்னுடைய நோர்வேக்காரச் சம்பூரோடு, அதாவது கலியாணம் கட்டாமல் சேர்ந்து வாழும் துணையோடு, இருக்கிறாள். அலுவலகத்தில் இருந்து இருந்து முதுகு நோகிறதாம், எங்கள் மண்டபத்திலேயே புதியவர்களின் தாய்ச்சி வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாளாம். “அப்பா, நீங்கள்தானே எனக்குக் காட்டித் தரப்போறியள்?” என்று தொலைபேசியில் சந்தோஷமாகக் கேட்டாள். ஓம் என்றேன். வைத்தபிறகு கதிரையில் இருந்துவிட்டேன். நாங்கள் மூடி வைத்ததை, நான் என் கையாலேயே அவளுடைய கழுத்தில் ஏற்றப்போகிறேனா?

அடுத்த ஞாயிறே நான் திரும்பிப் பார்ப்பதை விட்டேன். லேசாக இருக்கவில்லை. ஒற்றைச் சாட்டை வந்ததும் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முன்கையையே பார்ப்பேன். சுற்றிவர எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பியிருக்க, நான் ஒருவன் மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பேன். சுவரோரம் நிற்கிறவரை நான் மட்டும் கவனிக்காமல் விட்டதுபோல் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆசிரியை கண்டுபிடித்துவிட்டாள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். அது வித்தை இல்லை என்று தெரிந்துவிட்டதே என்றேன். “மற்ற அசைவெல்லாம் எங்கும் படிக்கலாம். அந்த மனிதரிடமிருந்து எங்களுக்கு மட்டும் வந்தது இதுதான். பயந்துகொண்டும் அவர் நிறுத்தாமல் பழகியிருக்கிறார். அதை நான் எப்படி வெட்டி எறிவது?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மலைக் குடில்களில் பழைய ரம்பத்தையும் கோடரியையும் சுவரில் அழகுக்கு மாட்டி வைக்கிறீர்களே, அப்படி மற்றவர்களுடைய பயத்தையும் மாட்டி வைப்பீர்களா என்று கேட்டேன். நோர்வேஜிய மொழியில் அது நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவள் கோபிக்கவில்லை. “உங்கள் மகளுக்கு நீங்கள் விரும்பியபடி சொல்லிக்கொடுங்கள்” என்றாள்.

அப்படியே செய்தேன். பனிக்காலம் முழுவதும் மகளுக்கு ஒற்றைச் சாட்டையை முன்னால் பார்த்தே பழக்கினேன். பழைய மாணவர்களின் வரிசை தலை திருப்பும்போது அவளுக்கு முன்னால் போய் நின்று மறைத்துக்கொள்வேன். நல்ல பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்தாள். முன்கையின் விரல் நுனியில் கண்ணை வைத்துக்கொண்டு அவள் அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பெரிய ஆறுதல். என்னோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து இரண்டு பேரும் அம்மருட் நிலையத்துக்கு நடந்தோம். அவள் நகரத்துப் பக்கம் போகிறவள், நான் மறுபக்கம். பகலில் உருகி இரவில் உறைந்த பனி, வழியெல்லாம் கண்ணாடி. எப்போதும் நான்தான் முன்னால் விறுவிறு என்று நடப்பேன், தாயும் மகளும் பின்னால் வருவார்கள். அது எங்கள் வீட்டு வழக்கம். அன்று வழுக்காமலிருக்கச் சப்பாத்தில் மாட்டும் ஆணிப் பட்டி கழன்றுவிட்டதால் நான் குனிந்து நின்றேன். அவள் கதைத்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

பத்துப் பன்னிரண்டு அடி போனதும் அவள் திரும்பிப் பார்த்தாள். வலத் தோளுக்கு மேலால், ஒரு மூச்சு. பிறகு நடந்தாள். கொஞ்சத் தூரம் போய் மறுபடி அதே மாதிரி. அண்ணன் நின்ற இடத்தில் நான் நிற்பது எனக்குத் தெரிந்தது. நின்றுவிட்டேன்.

அவள் நின்றாள். “என்னப்பா, வழுக்குதோ?”

“நீ ஆரைப் பாக்கிறாய்?” என்றேன்.

“எப்ப?”

“இப்ப. திரும்பித் திரும்பி.”

“ஓ, அதுவோ!” என்று சிரித்தாள். “வீட்டிலை இவரும் அதைத்தான் கேக்கிறவர். எனக்குத் தெரியாதப்பா. நீங்கள் நடக்கேக்கை அப்பிடித்தானே பாக்கிறனீங்கள். நான் சின்னனிலை எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் நடக்கிறவை எண்டு நினைச்சனான்.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டாள். வந்த வழியே பனியில் கவனமாகக் கால் வைத்து என்னிடம் வந்தாள். “ஆரையப்பா பாக்கிறனாங்கள்?”

“உன்ரை பெரியப்பாவை” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. “எனக்குப் பெரியப்பா ஒராள் இருக்கிறாரோ?” என்று கேட்டாள்.

ரயில் வரும் சத்தம் கேட்டது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியாது பிள்ளை” என்றேன்.