அவன் டீம் இன்னும் ஆடுகிறது

வியாசர்பாடி கிரவுண்டில் ஒன்றாகப் பந்து உதைத்தவர்கள் நாங்கள். முட்டி தேய்ந்த பிறகு செல்போன் ஆப்பில்தான் ஃபுட்பால். இங்கிலாந்து ஆட்டக்காரர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி ஆளுக்கொரு டீம் வைப்போம். அவர்கள் அங்கே கோல் போட்டால் எங்களுக்கு இங்கே பாயிண்ட்.

போன சீசன் பாதியில் என் தோஸ்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், நெஞ்சுவலியில் போய்விட்டான். அவனுடைய கோல்கீப்பர் கிளவுஸையும் சேர்த்து மூலக்கொத்தளத்தில் புதைத்துவிட்டு வந்த வாரமே அவன் டீமுக்குப் பாயிண்ட் ஏறியது. ஆப்புக்குச் சாவு தெரியாது. நாங்கள் யூடியூபில் கத்துகிறவன் பேச்சையெல்லாம் கேட்டு வாராவாரம் ஆளை மாற்றி நாசமானோம். எதையும் மாற்றாத அவன் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தான்.

"பேய் டீமைத் தூக்கு மாமு, பேஜாரா கீது" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன் எழுதினான்.

"நீ முதல்ல அவனை ஜெயிச்சுக் காட்டுடா" என்று திட்டினேன். சீசன் முடிந்தால் அவன் பெயர் தானாகப் போய்விடும், அதுவரை இருக்கட்டுமே.

இந்த சீசனுக்கு எல்லாரும் புதிதாகச் சேர்ந்தபோது அவன் பெயரும் வந்து நின்றது. டீமுக்கு அதே பழைய கேப்டன், அங்கே இங்கிலாந்தில் காலொடிந்து ஆட முடியாமல் கிடப்பவன். எம்.கே.பி. நகரில் என் தோஸ்து வீட்டுக்கு ஓடினேன். அவன் மனைவி அவனுடைய போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இந்த வருசமும் ஆடறீங்களான்னு அதுவா கேட்டுச்சுண்ணா," என்றாள். "இல்லன்னு நான் எப்டிண்ணா அமுக்குறது?"