மோட்டாரை விற்ற பட்ஜெட்

1. முதல் நாள்

வேலம்பாளையத்தில் நான்கு பின்னல் மெஷின்கள் ஓடிய பனியன் கம்பெனி ஒன்றில் அறுபதுகளில் நான் கிளார்க். ஒரு பிப்ரவரிக் கடைசியில் சாயங்கால ரேடியோ பட்ஜெட் செய்தி சொன்னது: கரண்டில் ஓடும் மெஷினில் பின்னிய துணிக்குக் கலால் தீர்வை. மறுநாள் காலையிலேயே கலால் இன்ஸ்பெக்டர் ஸ்டாக் எடுக்க வந்துவிட்டார்.

முதலாளி சென்னியப்பன் அவரை மறித்தார். "ஏனுங்க, மந்திரி நேத்துத்தானே பேசுனாரு? பார்லிமெண்டுல இன்னும் ஓட்டே போடலீங்களே?"

"ஓட்டு ஏப்ரல், மே ஆகுமுங்க. தீர்வை நேத்து ராத்திரியிலிருந்தே உண்டு. அப்படி வசூல் பண்ண வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே இருக்குதுங்க."

சட்டமாகாததை வசூலிக்க ஒரு சட்டம். இதை யோசித்த ஆளுக்கு எங்கள் ஊரில் வட்டிக்கடை வைத்துக் கொடுத்திருக்கலாம்.

2. என் யோசனை

எனக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்கத் தெரியும் என்ற கர்வம் இருந்தது. "கரண்ட் இல்லாமப் பின்னுனா தீர்வை இல்லீங்க. மோட்டாரக் கழட்டிரலாம்" என்றேன். முதலாளி என்னை நிதிமந்திரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அன்றே மெஷின்களை நிறுத்தினோம்; ஒரே வாரத்தில், நான்கையும் ஓட்டிய மோட்டார் கணியூர் விவசாயி ஒருவரின் கிணற்றுக்கு விலை போயிற்று. மெஷின்களுக்குக் கைச்சக்கரம் மாட்டினோம்.

மூன்றாம் நாள் மெஷின்காரர் பழனிச்சாமி கொப்புளம் கண்ட உள்ளங்கையை என் மேஜைமேல் விரித்தார். "கிளார்க்குங்க, நீங்களும் செத்த சுத்திப் பாருங்க."

சுற்றினேன். பத்து நிமிஷத்தில் தோள்பட்டை விட்டுப்போயிற்று. உற்பத்தி பாதியாகக் குறைந்தது. மாதக் கடைசியில் பழனிச்சாமி, முணுமுணுத்துக்கொண்டே தீர்வை கட்டிவந்த பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே மோட்டார் இருந்தது.

3. மசோதா சட்டமானது

விவாதத்துக்குப் பதில் சொன்ன மந்திரி இறங்கி வந்தார். நான்கு மெஷின் வரை உள்ள சின்ன யூனிட்டுகளுக்கு, கரண்டில் ஓடினாலும் தீர்வை இல்லை. அதுவும் முதல் நாளிலிருந்தே. அந்தத் திருத்தத்தோடு மசோதா நிறைவேறி, ஜனாதிபதி கையெழுத்தாகி, கெஜட்டில் வந்தது. பக்கத்துக் கம்பெனியிலும் நான்கு மெஷின்தான்; அவருக்குக் கட்டியதெல்லாம் திரும்பி வந்தது. நாங்கள் எதையும் கட்டவில்லை. திரும்பி வரவும் ஒன்றுமில்லை.

மோட்டாரைத் திருப்பி வாங்க முதலாளியும் நானும் கணியூர் போனோம். தண்ணீர் கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

"பட்ஜெட்டு உங்களுக்குத்தானுங்க மாறுச்சு. என்ற கரும்புக்கு மாறலீங்களே" என்றார் விவசாயி. இளநீர் வெட்டிக் கொடுத்தார். மோட்டாரைக் கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ் உடுமலை தாண்டியது. முதலாளி சொன்னார்: "மந்திரி, தான் பேசுனத ரெண்டு மாசத்துல மாத்திக்கிட்டாரு. நீ பேசுனத நான் ஒரே வாரத்துல செஞ்சுபோட்டேன்."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. புது மோட்டார் வாங்கினார். பழனிச்சாமியைக் கூப்பிட்டு வரும் வேலையை மட்டும் என் தலையில் கட்டினார். மூன்று நாள் பழனிச்சாமி வீட்டுக்கு நடந்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார்.

இளம் கிளார்க்குகளுக்கு நான் சொல்வது இதுதான். பிப்ரவரியில் கேட்பது பேச்சு, கையில் கிடைப்பது மசோதா, கெஜட்டில் வருவதுதான் சட்டம். அதுவரை கேட்ட தீர்வையைக் கட்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கு முன்னால் புத்திசாலித்தனம் எதுவும் செய்துவிடாதீர்கள்.