உரப்பைக்குள் போன ஒஸ்திரியக் கதை

கேட்குமுன் கொடுப்பவனும், கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதவனுமாகிய அந்த ஒருவனின் திருப்பெயரை முன்வைத்தே எழுதுகோலைத் தொடுகிறேன். அவன் தூதர் மீதும், அவர் வழி நின்ற நல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும். என் சொல்லில் உள்ள குறை என்னுடையது. நிறைவென்று ஏதேனும் தென்பட்டால் அது அவனுடையது.

இன்று ரபீஉல் அவ்வல் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் நபிபுகழ் பாடும் மௌலிது தொடங்கும் நாள். புகழ்ச்சியைத் தவிர வேறெதையும் நாவில் வைக்கக் கூடாத நாளில் நான் எழுத உட்கார்ந்திருப்பதோ ஒரு முறைப்பாடு. யாருடைய பெயரையும் இதில் இடமாட்டேன். எங்கள் ஊர் சிறியது. அந்த ஒஸ்திரிய எழுத்தாளரின் பெயரையும் அதே காரணத்துக்காக விடுகிறேன். கடந்த சில மாதங்களில் அவரும் எங்கள் ஊர்க்காரர்போல் ஆகிவிட்டார்.

என் மருமகன் கற்பிட்டிக் கரையோரம் ஒரு சிறு விடுதி நடத்துகிறான். காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து, பட்டத்தைக் காற்றில் விட்டுவிட்டுத் தாங்கள் பலகையில் நின்று களப்பு நீரின் மேல் இழுபட்டுப் போவார்கள். போகும்போது செருப்பு, களிம்பு, புத்தகம் என்று எதையாவது விட்டுச் செல்வார்கள். புத்தகங்களை மருமகன் ஒரு தட்டில் அடுக்கிவைத்திருக்கிறான். மகளைப் பார்க்கப் போன ஒரு நாள், அந்தத் தட்டில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு தன்வரலாற்றின் முதுகில் அந்தப் பெயரைக் கண்டேன். இளமையில் தமிழில் படித்த ஒரேயொரு மேல்நாட்டு நாவலை எழுதியவர் அவர்.

அந்த நாவலை வடக்கில் இருந்தபோது வாங்கினேன். ஆற்றங்கரை நகரமொன்றில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி. போர் வருகிறது, எல்லை மாறுகிறது, அவளுடைய தெரு ஒரே காலையில் வேறொரு நாட்டுக்குப் போய்விடுகிறது. கடைசியில் அவள் பெட்டியோடு வாசலில் நின்று, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடக்கிறாள். என் நினைவில் அப்படித்தான் இருந்தது.

எங்களுக்கும் ஒரு காலை அப்படி விடிந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று துப்பாக்கியோடு வந்தவர்கள் சொன்னார்கள், போனோம். புறப்படும் அவசரத்தில் அயல்வீட்டார் பலர் கதவைத் திறந்தபடியே விட்டார்கள். “பூட்டினா உடைப்பாங்க, விடுங்க” என்று எனக்கும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பியானோக்காரியின் நினைவு வந்தது. வீட்டைப் பூட்டினேன். பல ஆண்டுகளின் பின் சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் போய்ப் பார்த்தபோது, திறந்துவிட்ட வீடுகளில் எங்கெங்கிருந்தோ ஓடிவந்த ஏழைகள் குடியிருந்து, கூரையை வேய்ந்து, சுவரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். பூட்டிய என் வீட்டில் கதவும் இல்லை, கூரையும் இல்லை. உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் கதைத்ததில்லை. அந்தப் பெண்ணைப்போல நானும் முறையோடு விடைபெற்றேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

தன்வரலாற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உப்பளக் காரியாலயத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதிய பழக்கம் உண்டென்றாலும், இந்த ஆங்கிலம் வேறு. அகராதியும் தடித்த கண்ணாடியும் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. நகர்ந்த இடத்திலும் எரிச்சலே மிஞ்சியது. நாடகக் கொட்டகையின் விளக்குகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும் மனிதர் தன் தாயின் மரணத்தை ஒரு வாக்கியத்தில் கடக்கிறார். இறைவனிடம் இறைஞ்சிப் பாடும் எங்கள் முனாஜாத்துகளில் புலவன் எவ்வளவு உயரம் பறந்தாலும் ஈற்றில் இறங்கிவந்து, பாவி நான், ஏழை நான் என்று தன் பெயர் சொல்லி நிற்பான். அந்த இடத்தில் நாமும் அவனோடு நின்று அழலாம். இவரோ எந்தப் பக்கத்திலும் நிற்பதற்கு இடம் தரவில்லை. எவரிடம் முறையிடுகிறார் என்றும் தெரியவில்லை. பல தடவை மூடிவைத்தேன். மூடிய கையே மறுபடி திறந்தது.

பாதி கடந்தபின் அந்த இடம் வந்தது. நாவலில் வரும் வீடு தன் சிறிய தாயாருடையது என்றும், எல்லாவற்றையும் இழக்கும் அந்தப் பெண்ணைக்கொண்டு அந்தக் கதவைப் பூட்டுவிக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றும், வருகிறவர் வரட்டும் என்று திறந்தே விடவைத்ததாகவும் எழுதியிருக்கிறார்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். அகராதியைப் புரட்டினேன். சொற்கள் எளியவைதாம், பிழையாக விளங்கிக்கொள்ள வழியில்லை. அப்படியானால் தமிழில் பெயர்த்தவர் முடிவை மாற்றினாரா? அல்லது நான்தான் வாசித்ததைப் பிழையாக மனத்தில் பதித்து, அந்தப் பிழையைக் கொண்டு என் வீட்டைப் பூட்டினேனா? தமிழ்ப் புத்தகத்தின் கடைசித் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் புத்தகம் என் அலுமாரியில் இருந்தது.

அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டு வெறுமையாய்க் கிடந்தது.

“புள்ள, இதில இருந்த கிதாபெல்லாம் எங்க?”

“பள்ளிக்குக் குடுத்தாச்சு,” என்றாள் மனைவி, குசினிக்குள் இருந்தபடி. “மௌலிதுக்கு முன்னம் பழுதானதெல்லாம் சேர்க்கிறாங்க எண்டு நீங்கதானே வந்து சொன்ன.”

எங்கள் ஊர் வழக்கம் அது. உதிரும் குர்ஆன் தாள்களையும் கிதாபுகள் என்னும் மார்க்க நூல்களையும் எவரும் குப்பையில் இடமாட்டோம், எரிக்கவும் மாட்டோம். வீட்டுக்கு வீடு சேர்த்து, சுத்தமான உரப்பைகளில் கட்டி, துஆ ஓதி, மையவாடியின் ஓரத்தில் காலடி படாத மணலில் அடக்கம் செய்வோம்.

“அதில ஒரு கதைப் புத்தகமும் இருந்தது.”

“பச்சை உறை போட்டதெல்லாம் கிதாபு எண்டுதான் எடுத்துக் குடுத்தன்.”

“உள்ள ஒருக்காப் பாத்திருக்கலாமே.”

“தொட்டாலே உதிருது, அதைத் திறந்து வாசிச்சிட்டா குடுக்கிற? இஞ்சாருங்க, இத்தன வருசமா நீங்க அதைத் தொட்டதில்ல. இப்ப என்ன புதுசா? அதுசரி, கதைப் புத்தகத்துக்கு குர்ஆன் தட்டில என்ன வேலை? எனக்கு ஏசுறத்துக்கு முன்ன அதைச் சொல்லுங்க.”

அந்தக் காலத்தில் கிதாபுகளுக்கு உறை போடக் கொடுத்தபோது, மீந்த பச்சைத் துணியில் அதற்கும் ஓர் உறை தைத்துத் தந்தார் புத்தகம் கட்டுபவர். ஊரை விட்டுக் கிளம்பியபோது அந்தத் தட்டை அப்படியே ஒரு படுக்கைச் சீலையில் கொட்டிக் கட்டினோம். கிதாபுகளோடு கிதாபாக அதுவும் படகேறியது.

வேறு பிரதி தேடலாம் என்று புத்தளம் நூலகம்வரை போனேன். அங்கே அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. மகள் தொலைபேசியில் தேடிப்பார்த்து, தமிழில் அப்படியொன்று வந்ததற்கான சுவடே இல்லை என்றாள். இனி இருப்பது பள்ளிவாசல் அறையில் கட்டிக்கிடக்கும் உரப்பைதான். அடக்கம் செய்யும் வெள்ளிக்கு அதிக நாள் இருக்கவில்லை.

அசர் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் நம்பிக்கையாளரைப் பிடித்தேன். அவர் என் மருமகனின் தகப்பன். மாம்புரியில் மிளகாயும் வெங்காயமும் செய்கிறவர். சம்பந்திகளாதலால் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்போம்.

“முடிச்சுப் போட்டு துஆ ஓதின உரப்பையை அவிழ்க்கிற வழக்கம் நம்மட ஊர்ல இல்ல மச்சான்.”

“உள்ள என்ன போயிருக்கெண்டு கேட்டா நீங்களே அவிழ்ப்பீங்க.”

“என்ன போயிருக்கு?”

நாலு பேர் வெளிவாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, “ஒரு கதைப் புத்தகம்” என்றேன்.

“என்ன கதை?”

“ஒரு பொம்பிளயும் ஒரு வீடும்.”

“பொம்பிளக் கதையா!” அவர் குரலைத் தாழ்த்தவில்லை. செருப்பு மாட்டியவர்களில் ஒருவர், உச்சமுனைப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர், திரும்பிப் பார்த்து, அண்ணன் முறை சொல்லி என்னை அழைத்துச் சிரித்தார். “நானா, மௌலிதுக்கு நீங்க எடுக்கிற ராகத்தில எங்களுக்குக் கண்ணீர் வரும். அது எங்கிருந்து வருதெண்டு இப்பதானே விளங்குது.”

கோபம் தலைக்கேறியது. “சிரிக்கிறத்துக்கு இதில ஒண்டும் இல்ல. அல்லாஹ்ட வேதத்தோட ஒரு கதைப் புத்தகத்தை அடக்கம் செய்யச் சொல்லுதா மார்க்கம்? இல்லையெண்டா அவிழுங்க.”

பள்ளியில் ஓதிவைக்கும் லெப்பை அதுவரை தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அவர் சொல்றதிலயும் ஞாயம் இரிக்கி,” என்றார். “கைகால் கழுவி வுழூவோட, சுத்தமான பாய் விரிச்சு, ஒவ்வொண்டா எடுங்க. அவசரப்படாதீங்க.”

எடுத்தோம். ஒவ்வொரு தாளையும் கையில் ஏந்தி, நெற்றியளவு உயர்த்தி, மறுபக்கம் வைத்தோம். அதில் யார் வீட்டு யாசீன், யார் வீட்டுத் தாலாட்டு மாலை என்று சம்பந்தி அடையாளம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை அறுந்துகொண்டிருந்தது. மற்றொரு உரப்பையின் அடியில் என் பச்சை உறை தெரிந்தது. நான் கைநீட்டுமுன் அவர் எடுத்துவிட்டார்.

“தாங்க.”

“பொறுங்க. கிதாபெண்டு உள்ள வந்ததைக் கதையெண்டு வெளிய விடுறன். நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ற? வாசிச்சிட்டுத்தானே சொல்லோணும்.”

“அப்ப கடைசிப் பக்கத்தை மட்டும் இப்ப வாசிச்சுச் சொல்லுங்க. கண்ணாடி வீட்டில கிடக்கு. அவ கதவைப் பூட்டினாளா இல்லையா? அதுதான் எனக்கு வேணும்.”

“முடிவில இருந்தா கதை வாசிக்கிற? நல்ல ஆள் நீங்க!” என்று புத்தகத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை உரப்பைகள் மணலுக்குள் போயின. புத்தகம் என் கைக்கு வரவில்லை. மாம்புரிக்குத் தேடிப் போனேன். தண்ணீர் இறைக்கும் இயந்திரக் கொட்டிலின் நிழலில், கதிரையில் கால்நீட்டி அவர் வாசித்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் உடைந்து பாத்தி நிரம்பி, வெங்காயம் நீரில் நின்றது.

“புத்தகம் எடுத்த நாளையில இருந்து இந்த மனுசனுக்குக் காது கேக்கிறதில்ல,” என்று வரப்பில் நின்று அவர் மனைவி சத்தமிட்டார். “வெங்காயம் அழுகினா அந்த வெள்ளைக்காரனா வந்து தாற?”

“பாலத்தில சிப்பாய் மறிச்சு நிக்கிறான். இப்ப எழும்ப ஏலாது,” என்றார் சம்பந்தி, தலையை நிமிர்த்தாமல். என்னைக் கண்டதும், “இன்னும் முடியல்ல மச்சான்” என்றார்.

மறுமுறை போனபோது புத்தகம் மூடியிருந்தது. மடியில் வைத்து அதன் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கேட்கவந்ததைக் கேட்குமுன் அவர் கேட்டார்.

“மச்சான், நீங்க அங்கிருந்து வரக்குள்ள வீட்டைப் பூட்டிட்டா வந்த?”

இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். காணி எவ்வளவு, நகை கொண்டுவந்தோமா, நட்டஈடு கிடைத்ததா. இதை ஒருவரும் கேட்டதில்லை.

“ஓம். பூட்டினன்.”

உறையைத் தடவிய கையை அவர் நிறுத்தினார். வாய்க்காலைப் பார்த்தார். பிறகு, “இன்னும் கொஞ்சம் இரிக்கி. முடிச்சிட்டுத் தாறன்” என்றார்.

நேற்று மருமகன் வந்தபோது விசாரித்தேன். “வாப்பா அதை எப்பவோ முடிச்சிட்டார் மாமா,” என்றான். “ரெண்டாம் தரமும் வாசிச்சிட்டார். குடுக்கத்தான் மனம் வருதில்ல எண்டு உம்மாட்ட சொல்லிட்டிருந்தார். ‘அந்த மனுசனுக்கு இதை எப்பிடிக் குடுக்கிற’ எண்டார்.”

எனக்கு வேண்டிய விடை வந்துவிட்டது. அவளும் பூட்டியிருந்தால், பூட்டினேன் என்று சொன்ன எனக்கு அதைத் தர அவர் தயங்கியிருக்கமாட்டார். தமிழில் பெயர்த்தவர் எதையும் மாற்றவில்லை. அவள் கதவைத் திறந்துதான் விட்டுப் போனாள். பூட்டியது என் நினைவு.

ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. எழுதியவர் மீதா, என் மறதி மீதா, என் மனம் நோகும் என்று என் புத்தகத்தையே ஒளித்துவைத்திருக்கும் இந்த நல்ல மனிதர் மீதா என்று பிரித்தறிய இயலவில்லை. என் துக்கத்தை எவ்வளவு தாங்குவேன் என்பதை எனக்காக இன்னொருவர் தீர்மானிப்பது எனக்குச் சகிக்கவில்லை. அதே சமயம், இத்தனை ஆண்டுகளில் அந்தக் கதவின் முன் என்னோடு வந்து நின்ற முதல் ஆள் அவர் என்பதையும் மறுக்க இயலவில்லை. இன்று ஜும்ஆவுக்குப் பின் கேட்கப் போகிறேன். முடிவு தெரியும், பயப்படாமல் தாருங்கள் என்று சொல்லுவேன். கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். அவர் முன்னிலையிலேயே, அந்தத் தாளை என் கண்ணால் வாசிப்பேன்.

பூட்டிச் சென்றவரையும் திறந்துவிட்டுச் சென்றவரையும் ஒருபோல் அறிந்த நாயகன், இதை வாசிக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் நிலைத்த கூரையையும் தெளிந்த கண்ணையும் அருள்வானாக. வாசித்ததைப் பிழையின்றி நினைவில் கொள்ளும் உள்ளத்தையும், இரவல் வாங்கிய புத்தகத்தை உரியவரிடம் காலத்தோடு திருப்பிக்கொடுக்கும் உள்ளத்தையும் சேர்த்தே தருவானாக. ஆமீன்.