சூரியன் விழுந்தபின் திறக்கும் பூங்கா

எங்கள் தீவில், துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில், குடியிருப்புக்கு நடுவே பூங்கா கட்டி முடித்ததும் அதன் சாவியை ஆக்சிலியா அக்காவிடம் கொடுத்தார்கள். எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கிளமெண்ட் அண்ணனைக் கட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்தவர். நகராட்சியில் சாக்கடை வாரி, ரோட்டில் ஜல்லி சுமந்து, தினக்கூலியாகவே தேய்ந்தவர். இந்த வருடம் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பூங்காவில் ஊஞ்சல், சறுக்குமரம், பட்டுப்போன்ற புல்தரை எல்லாம் உண்டு. வாசலில் ஒரு பலகை: மாலை ஐந்து முதல் எட்டு வரை. இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். விளக்கும் நடைபாதைக்கு மட்டும்தான். மதியமே பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓடும் ரோட்டில் விளையாடினார்கள். மெயின்லேண்ட் பலகையைப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நாங்கள் சிரித்தோம்.

ஒருநாள் லாரி உரசி, பக்கத்து வீட்டுச் சங்கவியின் முழங்கை கிழிந்தது. அக்கா அன்றே, வெயில் இருக்கும்போதே பூங்காவைத் திறந்துவிட்டார். மாலை நடைப்பயிற்சிக்காரர்கள் புல் கெடுகிறதென்று புகார் செய்ய, மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த பொறுப்பு அதிகாரி நந்தகுமார் வந்தார்.

“யாரைக் கேட்டும்மா திறந்தே?”

“நேரம் தப்பாப் போட்டிருக்கு சார். உங்க ஊர்ல அஞ்சு மணிக்கு வெயிலடிக்கும். இங்க சூரியன் டியூட்டி முடிஞ்சு போயிரும்லா.”

“எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போட்டோம். பசங்களை விட்டா புல்லு மிஞ்சுமா? நிரந்தரம் ஆகிற நேரத்துல உனக்கு ஏன் வம்பு? அஞ்சுக்குத் திற. இல்லேன்னா சாவியக் கொடுத்துட்டுப் போ.”

தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். புல்லுக்கு இருக்கிற மரியாதை பிள்ளையின் எலும்புக்கு இல்லை.

அக்கா சாவியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மதியம் கிளமெண்ட் அண்ணனின் பழைய வலையை ரோட்டின் குறுக்கே கட்டி, அதன் முன்னால் உட்கார்ந்தார். குடியிருப்புத் தாய்மார்களும் வந்து உட்கார்ந்தார்கள். லாரிகள் வரிசை கட்டின.

“தீதி, ஜஹாஜ் கடா ஹை,” என்று, கப்பல் காத்து நிற்பதைச் சொல்லிக் கெஞ்சினார் ஒரு டிரைவர்.

“பச்சா லோக் பி கடா ஹை, பையா,” என்று, பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும்தான் நிற்பதைக் காட்டினார் அக்கா.

நந்தகுமார் வியர்க்க வியர்க்க வந்தார். “ஏம்மா, ரோட்டைத் திற.”

“நீங்க கேட்டைத் திறங்க சார். ரோடு தானாத் திறக்கும்.”

கப்பலுக்குப் பயந்து திறந்தார்கள். இப்போது மதியம் முதலே பூங்கா திறந்திருக்கிறது. ஊஞ்சலுக்கடியில் புல் தேய்ந்து மண் தெரிகிறது, நன்றாகத் தேயட்டும்.

அக்காவை மட்டும் மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை. ஒழுங்கு மீறினாராம். தெரிந்தே பிள்ளைகளை லாரிக்கடியில் தள்ளியதற்கு எந்த ஒழுங்கில் இடமிருக்கிறது? அக்கா இப்போது மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறார். மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

“எழுது தம்பி. மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை அதுல இருந்துச்சோ, நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”