அக்குள் வளைவில் போன நான்கு அடிகள்

ஐஸ்லாந்தின் மேற்குப் பள்ளத்தாக்கில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட ஹால்பெரா, முப்பத்தொரு வயதில் கணவனைக் கடலுக்குக் கொடுத்தாள். மீனவர்களுக்குக் கம்பளிச் சட்டை தைத்தே மூன்று பெண்களைக் கரையேற்றினாள். கையில்லாச் சட்டைக்கு அவள் வைத்திருந்த வெட்டு மாதிரி ஒரு கன்றுத்தோல் ஏடு. அவள் காலத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளத்தாக்கில் இருந்த, கவிஞருமான ஒரு தலைவர் எழுதிய அரசர் வரலாற்றுப் புத்தகத்திலிருந்து உதிர்ந்தது. காகிதம் கிடைப்பது அரிது, தோல் நையாது. பல வீடுகளில் இப்படித்தான்.

பழைய ஏடுகளைத் தேடி வந்த கௌட்டி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரிடமிருந்த புத்தகத்தில் அந்த ஓர் ஏடுதான் குறை. ஆனால் அக்குளுக்காக வளைத்து வெட்டிய இடத்தில் ஒரு பாட்டின் நான்கு அடிகள் போயிருந்தன. வேறெங்கும் அந்தப் பாட்டு இல்லை.

"வெட்டுன துண்டு எங்கம்மா?"

"செருப்புக்குள்ள வெச்சேன், ஐயா. தேஞ்சே போச்சு."

அளவு கொடுக்க வந்திருந்த மீனவன் ஸ்கெக்கி சிரித்தான். "இத்தன வருஷமா ராஜாவ வெச்சா என் முதுக அளந்த?"

"உன் முதுகுக்கு ராஜா பத்தல. ரெண்டு விரல் கூட்டித்தான் வெட்டினேன். சும்மா நில்லு."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெட்டுறதுக்கு முன்னால படிச்சு மனசுல வெச்சுக்கிட்டேன். எழுதிக்குங்க."

மூன்று அடிகள் தடையில்லாமல் வந்தன. நான்காவதில், "கருங்கடல் கடந்து நாவாய்..." என்று நின்றாள். "இல்ல. மோனை இடிக்குது."

"எதையாவது சொல்லித் தொலையேன், எவனுக்குத் தெரியப்போகுது?" என்றான் ஸ்கெக்கி.

"பாட்டுக்குத் தெரியும்ல."

கௌட்டி இறகுப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார், தாமாக ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. சரியாகக் கட்டிய பாட்டில் வேற்றுச் சொல் நுழையாது என்று நம்பித்தான் அந்தத் தலைவர் தம் வரலாற்றையே பழம்பாட்டுகளின் மேல் எழுப்பியிருந்தார்.

ஹால்பெரா ஸ்கெக்கியின் துணியை இழுத்துப் போட்டு வெட்டத் தொடங்கினாள். கத்தரியின் தாளத்தில் உதடு அசைந்தது. அக்குள் வளைவு திரும்பும்போது வந்துவிட்டது.

"கருங்கடல் கடந்து கலம் போனது."

கௌட்டி எழுதினார். ஓரத்தில், 'தையற்காரி ஹால்பெரா சொல்லக் கேட்டது' என்று சேர்த்தார். ஓர் ஆட்டுத்தோலில் மாதிரியை வரைந்துகொண்ட பிறகே அவள் ஏட்டைக் கொடுத்தாள்.

அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் பாட்டையும் கேட்டு வாங்கிப் போனார்கள். திருப்பிச் சொல்லும்போது யாராவது ஒரு சொல்லை மாற்றினால், வாயில் ஊசியைக் கவ்வியபடியே தலையை ஆட்டி நிறுத்துவாள்.