ஹார்ட்வேர் ஞானதாஸ் அண்ணனும் அந்த டிரில் மெஷினும்

ஹார்ட்வேர் கடை ஞானதாஸ் அண்ணன் போய்விட்டார். நேற்று அடக்கம்.

ஆளாளுக்கு ஆழ்ந்த இரங்கல் போடுகிறீர்கள். போடுங்கள். எனக்கு அவ்வளவு ஆழமெல்லாம் இல்லை... கணுக்கால் நனையும் அளவுதான்.

குழித்துறைப் பக்கம் அவரிடம் ஆணி வாங்காமல் எழும்பிய வீடு கிடையாது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்திருந்தால், நடு வெயில் காலத்தில் பேச்சிப்பாறை அணை நிரம்பி வழிந்திருக்கும்.

புதிய நண்பர்களுக்கு: நானும் என் மனைவி ரோஸ்லெட்டும் வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளைப் பராமரிக்கிறோம். டேங்க் கழுவுவது, ஜன்னல் திறந்து காற்று விடுவது, ஒழுகும் குழாய், குளவிக்கூடு... சகலமும்.

ஆரம்பத்தில் எங்கள் சாம்ராஜ்யத்தின் மொத்தப் படையும் ஒரு ஸ்கூட்டர், வீடு பெருக்க இரண்டு வாரியல், ஓர் ஏணி. ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோஸ்லெட் பின்னால் உட்கார்ந்து வந்தால் எதிரே வரும் பஸ் ஓரம் ஒதுங்கி சல்யூட் அடிக்கும்.

டிரில் மெஷின் மட்டும் எங்களிடம் இல்லை. ஒரு நாள் அண்ணன் கடையில் இரவல் வாங்கி, அன்று சாயங்காலமே அவள் திருப்பிக் கொடுத்தாள். அவர் போனில் பேசியபடியே, அங்கே வை என்று கை காட்டினார். வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஆரம்பித்தார்.

"உனக்க பொண்டாட்டி கொண்டுபோன டிரில் எங்கடே?"

"அண்ணே, அன்னைக்கே தந்தாச்சே. நீங்கதான கை காட்டினிய?"

"ஆமா... எனக்குக் கண்ணு தெரியாது பாரு!"

அதன்பின் ஸ்க்ரூ வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதை இலவசம். "பூட்டின வீட்டுக்க சாவிய அவள்கிட்டயா குடுத்திருக்கிய? நல்லா யோசிச்சுக்கிடுங்க."

எங்கள் தொழிலுக்கு முதலீடு என்றால் அது அடுத்தவர் வீட்டுச் சாவிதான். ஒரே மாதத்தில் நாலு வீட்டுக்காரர்கள் சாவியைத் திருப்பி வாங்கினார்கள். ஒருவர், "மச்சான் பாத்துக்கிடுவான்" என்றார். அந்த மச்சானுக்குப் பல்பு மாட்டவே நாலு பேர் வேண்டும்.

அன்று முதல் ரோஸ்லெட் எந்த வீட்டுக்குப் போனாலும் கைப்பையை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். வேலை முடிந்ததும் அறை அறையாக வீடியோ எடுத்து, யாரும் கேட்காமலே அனுப்புவாள்.

அந்த வீடியோவைப் பார்த்துதான் கனடாக்காரர்கள் தேடி வந்தார்கள். இன்று முப்பது வீடு. மகனும் மருமகளும் எங்களோடு. சாமான் ஏற்றச் சொந்தமாகக் குட்டியானை வண்டி.

அண்ணனால்தான் வளர்ந்தோம் என்று யாராவது கமென்ட் போட்டால் பிளாக் செய்துவிடுவேன்.

போன வருஷம் அவர் குடோனைக் காலி செய்தபோது, சிமென்ட் ஷீட்டுக்குப் பின்னால் அந்த டிரில் கிடந்தது. கடையில் வேலை பார்க்கும் மணி அண்ணன் என்னிடம் சொன்னார். "இது வெளிய தெரியண்டாம்" என்று முதலாளி தூசி துடைத்து ஆணியில் மாட்டினாராம்.

நேரே கடைக்குப் போனேன். "அவ எடுக்கேல்லன்னு ஒரே ஒரு வார்த்தை... நாலுபேரு கேக்கச் சொல்லுங்கண்ணே."

"போடே. பழசக் கிண்டிக்கிட்டு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டார் மனுஷன்.

நேற்று அவர் வீட்டு முற்றத்தில் ஜெபம். அண்ணனைப் பற்றி யாராவது பேசலாம் என்றார் போதகர். மூன்று பேர் எழும்பி, அவரைப் பரலோகத்தின் முன்வரிசையில் சேர் போட்டு உட்கார வைத்தார்கள். நான் எழும்புவதற்குள் ரோஸ்லெட் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணனுக்க கடையில இரவல் வாங்கின டிரில்ல அன்னைக்கு சாயங்காலமே நான் திருப்பிக் குடுத்தேன். அது அண்ணனுக்கும் தெரியும்."

அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தாள்.

போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

பின்வரிசையிலிருந்து மணி அண்ணன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உள்ளதுதான்."

போங்கள் ஞானதாஸ் அண்ணே. என் கோபம் இன்னும் கொஞ்ச நாள் இங்கேதான் இருக்கும்.