பெரிய திரையில் செல்வியின் முகம்

பதுளையில் டிவி கடையில் வேலை செய்கிறேன். நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் ஒரு தம்பதி மண்சரிவில் மகள் செல்வியை இழந்திருந்தார்கள். மிஞ்சியது ஒரு பழைய வீடியோதான். "பெரிய டிவியில புள்ள முகம் நல்லா தெரியும்" என்று நான்தான் சொன்னேன். அவர்களுடைய சின்ன டிவியை மாற்றாக வாங்கிக்கொண்டு, மறுவாரம் அவர்களுடைய லய வீட்டுக்குப் போய்ப் புதியதைப் பொருத்தினேன்.

வீடியோவில் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஷார்ப்னஸைக் குறைத்தேன், கண்ணும் மூக்கும் கலங்கிப்போயின. வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன்.

"இது எங்க புள்ள மாதிரியே இல்லீங்களே," என்றார் தாய்.

தகப்பன் என் கையைப் பிடித்தார். "பழைய டிவியவே குடுத்துருங்க தம்பி. அதுல முகம் தெரிஞ்சிச்சு."

அதை உதிரிப் பாகங்களுக்காக நான் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தேன். சொன்னதும் தகப்பன் என் கையை விட்டுவிட்டார்.

இப்போது யாருக்கும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. அதனால் செல்வியின் தாய் தகப்பனுக்கு ஒரு பயனும் இல்லை.